வெள்ளத்தில் நின்ற ஃபியட்: தரைத்தகட்டு மூட்டுக் கசிவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1984-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. சென்னையில் இதைப் பத்மினி என்று சொல்பவர்கள் குறைவு. எங்கள் பட்டறையிலும் அது ஃபியட்தான். உரிமையாளர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு வடசென்னை எர்ணாவூரில். வாங்கிய நாளிலிருந்து அவர் ஒருவர்தான் ஓட்டியிருக்கிறார். வண்டியை விற்கும் எண்ணம் அவருக்குக் கிடையாது, ஓட்டாமல் நிறுத்தி வைக்கவும் மனமில்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு அதுதான் அடிப்படை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எர்ணாவூர், திருவொற்றியூர் மேற்குப் பக்கத்துத் தெருக்களில் ஏறியது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. எண்ணெயும் சேர்ந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரைக்கும் கறுப்புப் படலம் பரவி, மீனவர்களின் படகும் வலையும் பாழானது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் தண்ணீரில் இந்த வண்டி இரண்டு நாள் நின்றது. சீட்டின் அடிப்பாகம் வரை தண்ணீர். வடிந்தபின் கதவின் உட்புறத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை.

உரிமையாளர் தன்னால் முடிந்ததைச் செய்தார். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை மொட்டைமாடியில் காயப்போட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் அடித்து அலசினார். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் சுத்தமாகிவிட்டது. தகடும் தகடும் படிந்திருக்கும் மடிப்புக்குள் போன எண்ணெய் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இந்த ஆய்வு முழுக்க அந்த மடிப்பைச் சுற்றித்தான்.

வண்டியின் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு, பாடியை அதன்மேல் போல்ட்டு போட்டுப் பூட்டியிருப்பார்கள். அதில் தரை ஓட்டையானால் காலில் சேறு தெறிக்கும், அவ்வளவுதான். ஃபியட்டுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடு, நடுவில் கியர்பாக்ஸுக்கும் சுழல்தண்டுக்கும் இடம் விடும் டனல், கதவுக்கடியில் நீளமாக ஓடும் சில் என்ற தகட்டுப் பெட்டி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்டிங் வைத்து, மூட்டின்மேல் பசை பூசியிருப்பார்கள். நாற்பது வருடத்தில் அந்தப் பசை காய்ந்து, கெட்டித்து, வெடித்துவிடுகிறது. அந்த வெடிப்பு வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகிறது.

முதல் ஒட்டு: 2024 ஜனவரி

எங்களிடம் வருவதற்கு முன்பே வண்டி வேறொரு பட்டறைக்குப் போய் வந்திருந்தது. ஓட்டுநர் காலடியில் உள்ளங்கை அகல ஓட்டை. துரு பிடித்த தகட்டின் மேலேயே ஒரு துண்டுத் தகட்டை வைத்து, கேஸ் வெல்டிங்கில் சுற்றிவர ஒட்டி, ஓரத்துக்கு ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் சிலிக்கான் பிதுக்கி, அடியில் முழுக்கத் தார் பூசிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டறையைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. மூன்று நாளில் வண்டி வேண்டும் என்றால் மூன்று நாள் வேலைதான் கிடைக்கும்.

2024 ஜூனில் உரிமையாளர் எங்களிடம் வந்தபோது சொன்னது ஒரே ஒரு குறைதான்: "கதவைத் திறந்தா ஈரச் சாக்கு வாசனை வருது, தம்பி."

வந்தபோது கண்டது

பெருமழைக் காலமல்லாத ஜூன் மாதத்திலும் கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த கம்பளிப் பட்டை ஈரமாக இருந்தது. பிழிந்தால் சொட்டவில்லை, ஆனால் கையில் பிசுபிசுத்தது. அதுதான் முதல் தடயம். வெறும் தண்ணீர் என்றால் ஆறு மாதத்தில் காய்ந்திருக்கும். உப்புப் படிந்த கம்பளி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணூர்க் காற்றுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

அடியில் தாரைச் சூடு காட்டிச் சுரண்டினோம். பார்வைக்குக் கறுப்பாக, முழுசாக, கெட்டியாகத்தான் இருந்தது. சுரண்டிய இடத்தில் துரு நனைந்த காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. மேலிருந்து இறங்கிய தண்ணீருக்குக் கீழே வழியில்லாமல் தார் தடுத்து வைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை லேசாக வைத்தாலே மறுபக்கம் போனது.

சிலிக்கானை ஒரு முனையில் பிடித்து இழுத்தேன். ரப்பர் பேண்டு மாதிரி ஒரே இழுப்பில் முழு நீளமும் வந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல் பழுப்புத் துரு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலிக்கான் காயும்போது புளித்த காடி வாடை வரும், அது அசிட்டிக் அமிலம். வெறும் இரும்பின்மேல் அதைப் பிதுக்கினால் பசையே துருவுக்கு விதை போடும். போதாததற்கு, சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது, சுருங்கிக் கண் கண்ணாக விலகும்.

தகட்டை வெட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை. தரையைத் துடைத்து, ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்து, முகப்பவுடரை மெல்லத் தூவினோம். பிறகு வெளியிலிருந்து குழாய்த்தண்ணீர்: முதலில் சக்கர வளைவு, அப்புறம் கதவின் அடி, கடைசியாக முன் கண்ணாடி. கீழிருந்து மேலே போக வேண்டும், ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து நிமிடம். மேலே முதலில் அடித்தால் எல்லாமே நனைந்து எதுவும் தெரியாமல் போய்விடும். கண்ணாடிக்கு வந்த மூன்றாவது நிமிடத்தில், இடது கீழ் மூலை ரப்பர் பீடிங்கிலிருந்து ஒரு கோடு இறங்கி, பவுடரில் பாதை போட்டுக்கொண்டு காலடிக்கு வந்தது.

ஆக வெள்ளத்துக்கு முன்பே இந்தத் தரை மேலிருந்து நனைந்துகொண்டிருந்தது. வெள்ளம் அதன்மேல் உப்பையும் எண்ணெயையும் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறது. தரையை மட்டும் மாற்றிப் பீடிங்கை விட்டிருந்தால் புதுத் தகடும் அதே வழியில்தான் போயிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒட்டுப் போடுவதா, முழுத் தகடு மாற்றுவதா என்பதில் தயக்கமே இல்லை. முன்பக்கம் இரண்டும், இடது பின்பக்கமும் முழுசாக மாற்றுவது என்று முடிவானது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில், பழைய வண்டியிலிருந்து வெட்டிய தரை ஒன்று கிடைத்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்ததும் நட்சத்திரம் நட்சத்திரமாக ஒளி தெரிந்தது, வைத்துவிட்டு வந்துவிட்டோம். தகடு எடுத்து நாமே அடிப்பதுதான் வழி.

எந்தத் தகடு? எங்கள் டிங்கர் மாஸ்டர் நாற்பது வருடக் கைப்பழக்கம் உள்ளவர். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போடலாம், துருப்பிடிக்காது என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகப் போகும், அதைச் சுவாசித்தால் அன்றிரவு காய்ச்சல் வரலாம். பற்று வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோவதால், பாதுகாப்பு வேண்டிய இடத்திலேயே அது இருக்காது. பூச்சில்லாத சாதா இரும்பான சி.ஆர். தகட்டில் 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. கனம், எடுத்தோம். அதைவிடக் கனமான 18 கேஜ் போட்டால் உறுதி கூடும் என்று உரிமையாளர் ஆசைப்பட்டார். ஆனால் மெல்லிய பழைய விளிம்போடு கனத்த புதுத் தகட்டைப் பற்றவைத்தால் பழையதுதான் உருகி ஓட்டையாகும்.

மூட்டு எப்படி வரவேண்டும் என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். 20 மி.மீ. மேல்படிவு, புதுத் தகட்டில் 8 மி.மீ. துளைகள், துளை வழியே சி.ஓ.டூ. வெல்டிங்கில் (வாயு பாய்ச்சிக் கம்பியை உருக்கும் முறை) நிரப்புவது, துளைக்குத் துளை 35 மி.மீ. இடைவெளி. எந்தத் தகடு மேலே, எது கீழே என்பது முக்கியம். அடியில் தெரியும் ஓரம் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேரே மடிப்புக்குள் இறங்கும். கூரைக்கு ஓடு வேய்கிறவர் கீழ்வரிசையிலிருந்து தொடங்குவதும் இதே கணக்குத்தான்.

மாஸ்டரிடமிருந்து இன்னொரு யோசனை வந்தது: "ரெண்டு தகட்டுக்கும் நடுவுலயே பேஸ்ட்டப் போட்டு அமுக்கிட்டு வெல்டு வெச்சா சொட்டுத்தண்ணி போவாது, தம்பி." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வெல்டிங் சூட்டில் சீலர், அதாவது மூட்டை அடைக்கும் அந்தப் பசை, எரியும், அந்தப் புகை பற்றுக்குள் மாட்டிக் குமிழி விழும், பற்றும் பலமிழக்கும். நடுவில் துத்தநாகப் பிரைமர் என்ற அடிப்பூச்சு மட்டும் அடித்தோம். துளைக்கு நேரே இருந்த பிரைமரைச் சுரண்டிவிட்டுத்தான் பற்றுவைத்தோம். சீலர் எல்லாம் வெளியில்தான்.

சீலருக்கு மூன்று வகையைப் பரிசீலித்தோம். இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி வகை கெட்டியாகும், நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஃபியட்டின் தரை குண்டும் குழியும் உள்ள மணலி சாலையில் முறுக்கும் நெளியும். கெட்டிப் பசை அதில் வெடிக்கும் என்று நினைத்தேன். தூரிகையால் பூசும் கரைப்பான் வகை காயும்போது சுருங்கும். ஒற்றைப் பாகப் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டே இறுகும், ரப்பர் போல நெளிந்துகொடுக்கும், மேலே பெயின்ட் ஏறும். அதைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வை இன்றும் மாற்றமாட்டேன்.

சீலருக்கு அடியில் இரண்டு பாக எபாக்சி பிரைமர். ரெட் ஆக்சைடு வேண்டாம் என்று சொன்னதற்கு மாஸ்டர் முகம் சுளித்தார். அவர் கையில் ஆயிரம் வண்டி ரெட் ஆக்சைடில்தான் போயிருக்கிறது. அதன்மேல் பெயின்ட் வராதவரை அது தண்ணீரைத் தடுக்காது, பஞ்சு மாதிரி ஈரம் விடும். இந்த வண்டியில் அதை நம்ப முடியாது.

வேலை நடந்த விதம்: 2024 ஜூலை, ஆகஸ்ட்

சட்டகம் இல்லாத வண்டியில் தரையை வெட்டினால் பாடி தொய்ந்துவிடும். கதவு வாசலில் குறுக்காக இரும்புக் குழாய் பற்றவைத்து, கதவு இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம் தொட்டோம். முடிவில் எந்த அளவும் ஒரு மி.மீ.க்கு மேல் மாறவில்லை.

இந்தப் பக்கத்து ஈரக்காற்றில் தேய்த்துப் பளபளக்க வைத்த இரும்பு ஒரு ராத்திரி தாங்காது. முதல் நாள் மாலை ஆறு மணிக்குக் கிரைண்டர் போட்டு முடித்த இடம், மறுநாள் காலை மஞ்சள் தடவியது மாதிரி இருந்தது. அதிலிருந்து, அன்று பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டுமே தேய்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

வெல்டிங் முடிந்ததும் ஓட்டை தேடுதல். இரவில் விளக்கையெல்லாம் அணைத்து, வண்டிக்கடியில் பல்பு வைத்து மேலிருந்து பார்த்ததில் நான்கு ஊசித்துளைகள் தெரிந்தன. அதற்குப்பின் மாஸ்டரின் பழைய முறை: மூட்டின் ஒருபக்கம் சுண்ணாம்புக் கரைசல் பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவது. தண்ணீர் போகாத இடத்திலும் மண்ணெண்ணெய் போகும், சுண்ணாம்பில் கறையாகத் தெரியும். டேங்க் வெல்டிங் செய்கிறவர்கள் காலகாலமாகச் செய்வதுதான். இன்னும் இரண்டு துளைகள் அதில் அகப்பட்டன. முறை நன்றாகவே வேலை செய்தது. அதை இந்த வண்டியில் செய்திருக்கவே கூடாது என்பது பிறகுதான் புரிந்தது.

தின்னரில் துடைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, மறுநாள் சீலர். மதியம் மூன்று மணி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. முதல் மூட்டில் சீலர் பிதுக்கும் கன்னை வைத்து இழுத்து, விரலால் நீவ ஆரம்பிக்கும்போதே மேலே தோல் கட்டிவிட்டது. மாலையில் பார்த்தால் அந்த நீளம் முழுக்கப் பொரி பொரியாகக் குமிழி. ஈரமும் சூடும் சேரும்போது பாலியூரித்தேன் அவசரமாக இறுகும், அப்போது உண்டாகும் கரியமிலவாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காலை எட்டரை முதல் பத்து மணிக்குள் மட்டும் செய்தோம். பனி ஈரம் தகட்டைவிட்டுப் போயிருக்கும், கூரை இன்னும் சுட ஆரம்பித்திருக்காது.

அப்போது ஒரு நாள் காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் ஒருவர் தன் வேன் விஷயமாக வந்திருந்தார். நாங்கள் மூட்டு அடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மரப்படகுக்குக் கலப்பத்துப் பார்ப்பதும், அதாவது பலகைச் சந்துகளை அடைப்பதும், இதேதான் என்றார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உள்ள காஞ்சிச்சா பாத்தீங்களா?" காய்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எண்ணெய் இருக்கிறதா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை.

அடியில் கல்லடி தாங்கும் பூச்சு, மேலே வண்டியின் நிறம், முன் கண்ணாடிக்குப் புதுப் பீடிங். ஆகஸ்ட் கடைசியில் வண்டி வீடு போனது.

பிறகு நடந்தது: 2024 அக்டோபர்

அக்டோபர் நடுவில் சென்னையைச் சுற்றிக் கனமழை. மழை விட்ட மூன்றாம் நாள் உரிமையாளர் போன் செய்தார். காலடியில் தண்ணீர் இல்லை, ஆனால் வண்டி திரும்பும்போது இளநீர்க் காயை ஆட்டுவது மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்றார்.

சத்தம் இடது சில்லுக்குள். ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் பார்த்தேன். தண்ணீர் வடிவதற்காகத் தொழிற்சாலையிலேயே சில்லின் அடிவிளிம்பில் விட்டிருக்கும் சிறு சந்துகள் எல்லாவற்றிலும் எங்கள் சீலர் அழகாக, வழுவழுப்பாக, நிறைவாக அடைத்திருந்தது. கத்தி முனையால் ஒன்றைக் குத்தியதும் டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது. கீழே வைத்த ஒரு லிட்டர் பெயின்ட் டப்பா நிறைந்து, இன்னொன்று தேட வேண்டியிருந்தது.

அடைத்தது எங்களிடம் வேலை பழகும் பையன். தப்பு அவனுடையது இல்லை. "ஒரு மூட்டையும் விடாதே" என்று சொன்னவன் நான். வடிகால் சந்து எது, மூட்டு எது என்று அவனுக்கு நான் காட்டவில்லை. அந்தத் தண்ணீர் சில்லுக்குள் வந்தது முன் மட்காட்டுக்குப் பின்னால் இருக்கும், நாங்கள் தொடாத ஒரு பழைய மூட்டின் வழியாக. முன்பெல்லாம் அப்படி வந்தது வடிந்துபோயிருக்கும்.

வண்டி மேலே நிற்கும்போதே மற்ற மூட்டுகளையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். இடது காலடியில், டனலோடு சேரும் மூட்டில், ஒரு ஜான் நீளத்துக்குச் சீலர் லேசாக அசைந்தது. நகத்தால் நெம்பினேன், பட்டையாக வந்துவிட்டது.

பிரிந்து வந்த சீலரின் முதுகைப் பார்க்காமல் குப்பையில் போடக்கூடாது. முதுகு வெறுமையாக இருந்து, பிரைமர் தகட்டிலேயே நின்றால், சீலர் பிரைமரைப் பிடிக்கவில்லை. சீலர் நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால், அசைவு அதிகம் அல்லது பூச்சு மெல்லிசு. இங்கே முதுகில் எபாக்சி பிரைமர் அப்படியே சாம்பல் நிறத் தோலாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கீழே தகடு பளபளவென்று வெறுமை. சீலர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பிரைமர்தான் இரும்பைப் பிடிக்கவில்லை. அந்தப் பளபளப்பில் விரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தேன். பத்து மாதத்துக்கு முந்தைய எர்ணாவூர் வெள்ளத்தின் வாடை.

நடந்தது இதுதான். டனல் பழைய தகடு, அதன் மடிப்பு விளிம்பை நாங்கள் மாற்றவில்லை. மேலாகத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். இரண்டு அடுக்குக்கு நடுவே கெட்டியாகிக் கிடந்த எண்ணெயை வெல்டிங் சூடு இளக்கியது. சோதனைக்குத் தடவிய மண்ணெண்ணெய் அதைக் கரைத்து இன்னும் வெளியே இழுத்திருக்க வேண்டும். பிரைமர் அடிக்குமுன் துடைத்தோமே என்றால், துடைத்தது கடையில் லிட்டர் கணக்கில் வாங்கிய மலிவுத் தின்னர், ஒரே பனியன் துணி. எண்ணெயை எடுக்கவில்லை, சமமாகப் பரப்பியிருக்கிறோம்.

மறுவேலை: 2025 ஜனவரி

வடகிழக்குப் பருவமழை முடியும்வரை மூட்டைத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதுவரைக்கும் சில் சந்துகளை மட்டும் திறந்துவிட்டு, பிரிந்த ஒரு ஜான் இடத்தை அடைக்காமலே விட்டோம். இது உரிமையாளருக்குப் புரியவைக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மழைக்காலத்தில் ஓட்டையைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறானே என்று நினைத்திருப்பார். ஆனால் ஈரத்தையும் எண்ணெயையும் உள்ளே வைத்து மூடுவதைவிட அது மேல்.

பொங்கல் கழிந்து வண்டி வந்தது. இடது டனல் மூட்டில் சுமார் 45 செ.மீ. நீளத்துக்குப் பற்றுகளை டிரில் போட்டு விடுவித்து, விளிம்பைக் கத்தி நுழையும் அளவுக்குப் பிரித்தோம். சூடான காற்று அடிக்கும் கன்னை வைத்துத் தகட்டைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுபோனால், விளிம்பில் வியர்வை மாதிரி பழுப்புத் துளிகள் அரும்பும். துடைக்க வேண்டும், மறுபடி சூடு, மறுபடி துடைப்பு. முதல் நாளில் துணி கறுப்பு, இரண்டாம் நாளில் தேன் நிறம், மூன்றாம் நாள் மதியம்தான் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. துடைத்தது எண்ணெய்ப் பசை எடுக்கும் தனித் திரவத்தால், இரண்டு துணி வைத்து: ஒன்றால் நனைத்தவுடன், அது காயும் முன்பே உலர்ந்த இன்னொன்றால் ஒற்றி எடுப்பது. காயவிட்டால் கரைந்த எண்ணெய் திரும்பவும் தகட்டிலேயே படியும்.

சுத்தமாகிவிட்டதா என்பதற்குத் தண்ணீர்ச் சோதனை. சுத்தமான தண்ணீரை மெல்லிசாகத் தெளித்தால் எண்ணெய் இல்லாத இரும்பில் அது விரிந்து ஒரே படலமாக நிற்கும். எண்ணெய் இருந்தால் தாமரை இலைத் தண்ணீர்தான், முத்து முத்தாக விலகும். முதல் தடவை விளிம்பை ஒட்டி முத்துகள் வரிசையாக நின்றன. நான்காம் தடவை படலம் உடையவில்லை. உடனே சூடுகாட்டி உலர்த்தி, துத்தநாகப் பிரைமர், மறுபடி துளைப் பற்று, தேய்ப்பு, துடைப்பு, அன்று மாலைக்குள் எபாக்சி. டப்பாவில் போட்டிருந்த நேரத்துக்குள் சீலர்.

இந்தமுறை ஓட்டை தேட வெளிச்சத்தை மட்டும் பயன்படுத்தினோம். சீலர் போடும் முன் வடிகால் சந்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மஞ்சள் ஒயரைச் செருகி வைத்தோம். பூசி முடித்ததும் ஒயரை உருவினால் வழி அப்படியே இருக்கும். இது அந்தப் பையனின் யோசனை. முன் மட்காட்டுக்குப் பின்னால் இருந்த பழைய மூட்டையும் சுத்தம் செய்து அடைத்தோம். எல்லாம் காய்ந்து ஒரு வாரம் கழித்து, சில்லுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு தெளித்தோம். மெழுகை முதலில் அடித்திருந்தால் அதுவும் எண்ணெய் மாதிரியே சீலருக்குப் பகையாகியிருக்கும்.

மறுவேலைக்கு உரிமையாளரிடம் கூலி வாங்கவில்லை. மெழுகுக்கும் திரவத்துக்கும் மட்டும் பிடிவாதமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

விளைவு

2025 கோடை மழையிலும் அதையடுத்த பருவமழையிலும் காலடி உலர்ந்தே இருந்தது. பவுடர் தூவிக் குழாய்த்தண்ணீர் அடித்து இரண்டு தடவை பார்த்தோம், ஒரு கோடும் விழவில்லை. இடது டனல் மூட்டை நகத்தால் நெம்பினால் நகம்தான் மடிகிறது. சில் சந்துகளில் மழைக்குப் பின் நான்கைந்து துளி தெளிந்த தண்ணீர் வடிகிறது.

இனி மாற்றிச் செய்வது

வெள்ளத்தில் நின்ற வண்டி வந்தால், முதலில் கேட்பது எந்தத் தெரு, என்ன தண்ணீர் என்பதுதான். கழிவுநீரா, உப்பங்கழியா, எண்ணெய் கலந்ததா என்பதைப் பொறுத்து வேலையே மாறுகிறது. எண்ணெய் கலந்த தண்ணீர் என்றால் பழைய விளிம்பைக் காப்பாற்றப் பார்க்காமல், மடிப்போடு சேர்த்து வெட்டிப் புது விளிம்பு வைப்பதுதான் நேரத்தையும் மிச்சப்படுத்தும். மூன்று நாள் சூடுகாட்டித் துடைத்ததற்கு ஒரு நாளில் புது விளிம்பே அடித்திருக்கலாம். அன்று அதைச் செய்யாததற்குக் காரணம், டனலைத் தொட்டால் கியர்பாக்ஸ் தாங்கிவரை போக வேண்டியிருக்கும் என்ற சோம்பல்தான்.

மண்ணெண்ணெய்ச் சோதனையைப் பாடி வேலையில் நிறுத்திவிட்டோம். மாஸ்டர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, டேங்குக்குச் செய்வதை யாரும் தடுக்கவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்ச் சோதனை மட்டும் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இப்போது பெயின்டிங்குக்கு வரும் பானெட்டில்கூடத் தெளித்துப் பார்க்கிறார்.

இந்த வண்டியில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வலது டனல் மூட்டை நாங்கள் திறக்கவில்லை. அந்தப் பக்கமும் அதே வெள்ளத்தில்தான் நின்றது, அதே மலிவுத் தின்னரில்தான் துடைத்தோம். சீலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் கடைசியாகப் பார்த்தபோது பின்முனையில் விரலகலத்துக்கு லேசான பழுப்புக் கறை. உரிமையாளர் வலது மிதியடிக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறார், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் எடுத்துப் பார்க்கிறார். அடுத்த கோடையில் அதையும் பிரித்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.